20 ஆண்டுகளாக உயிரோடிருக்கும் ‘டைட்டன் குவெஸ்ட்’: நம் தோட்டத்துக் கதைகளுக்கு அதில் என்ன பாடம்?

மலாக்கா – 2006 ஜூன் மாதம் ‘டைட்டன் குவெஸ்ட்’ என்ற கணினி விளையாட்டு அமெரிக்காவில் வெளிவந்தது. அதை உருவாக்கிய ‘அயர்ன் லோர்’ நிறுவனம் 2008 தொடக்கத்தில் கதவை மூடியது. வெளியிட்ட ‘டிஎச்க்யூ’ நிறுவனம் 2012 இறுதியில் திவால் மனு கொடுத்தது. பெற்றவரும் இல்லை, வளர்த்தவரும் இல்லை என்ற நிலையில், இந்த விளையாட்டு மறக்கப்பட்டிருக்க வேண்டும்.

நடந்தது வேறு. 2013-இல் அதன் உரிமையை வாங்கிய ஐரோப்பிய நிறுவனம் 2016-இல் அதைப் பழுது பார்த்து மீண்டும் வெளியிட்டது. இணையத்தில் பழைய பிரதியை வாங்கி வைத்திருந்தவர்களுக்குப் புதியதை இலவசமாகவே கொடுத்தது. 2017, 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் புதிய பாகங்கள் சேர்ந்தன. கைப்பேசியிலும் விளையாட வழி வந்தது. 2025 ஆகஸ்டில் ‘டைட்டன் குவெஸ்ட் 2’ முன்னோட்டப் பதிப்பாக விற்பனைக்கு வந்தது.

படத்தின் அழகில் இன்றைய விளையாட்டுகளோடு அதனால் போட்டி போட முடியாது. ஆனாலும், பள்ளி நாள்களில் விளையாடியவர்கள் முப்பது வயதைத் தாண்டிய பிறகும் அதைத் தேடிப் போகிறார்கள். பழங்கதைகளை அது கையாண்ட விதம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். முனியாண்டி, மதுரை வீரன், மாரியம்மன் கதைகளோடு வளர்ந்த மலாக்காத் தோட்டப்புறக் குடும்பங்கள் அந்த விதத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்கலாம்.

விளையாட்டு எப்படி நடக்கிறது?

இது அதிரடியும் பாத்திர வளர்ச்சியும் கலந்த விளையாட்டு. விளையாடுபவர் ஒரு வீரனையோ வீராங்கனையையோ ஏற்று, மேலிருந்து பார்க்கும் கோணத்தில் ஊர் ஊராக நடத்திச் செல்வார். அரக்கர்களை வீழ்த்த வீழ்த்த அனுபவம் கூடும். புதிய ஆற்றல்களும் ஆயுதங்களும் கிடைக்கும்.

தொடக்கக் களம் கிரேக்க நாட்டின் ஹெலோஸ் என்ற சிற்றூர். ஆட்டுக்கால் கொண்ட ‘சாட்டிர்’ என்னும் மனித விலங்குகள் அங்கே வயல்களைச் சூறையாடுகின்றன. அந்த ஊரைக் காப்பதுதான் முதல் வேலை. பிறகு ஸ்பார்ட்டா, டெல்ஃபி, ஏதென்ஸ் வழியாகக் கிரீட் தீவின் நொசோஸ் அரண்மனைக்குப் பயணம். அங்கே காளைத்தலை அரக்கன் மினோட்டார் காத்திருக்கிறான். அடுத்து எகிப்தின் மெம்பிஸ், கிசா, தீப்ஸ். அதன் பின் பாபிலோன், பட்டுப்பாதை, சீனப் பெருஞ்சுவர். கடைசியில் ஒலிம்பஸ் மலையில் டைஃபான் என்ற பூதத்தோடு மோதல்.

வீரனுக்கு எந்த ஆற்றல் வேண்டும் என்பதை விளையாடுபவரே முடிவு செய்கிறார். போர், தற்காப்பு, வேட்டை, கள்ளத்தனம், நிலம், புயல், ஆவி, இயற்கை என முதல் பதிப்பில் 8 கலைகள் இருந்தன. அவற்றில் 2-ஐச் சேர்த்துக்கொள்ளலாம். 28 இணைகள் வரும் என்பதால் ஒருமுறை முடித்தவர்கள் வேறோர் இணையோடு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். பலர் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊருக்கு ஒரு கதைசொல்லி

‘பிரேவ்ஹார்ட்’ படத்துக்குத் திரைக்கதை எழுதிய ரேண்டல் வாலஸ் இந்த விளையாட்டுக்குக் கதை எழுதினார். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான பிரையன் சல்லிவன், அயர்ன் லோர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பழைய வரலாற்றையும் தொன்மத்தையும் விளையாட்டாக்குவதில் அவர் ஏற்கெனவே கைதேர்ந்தவர்.

இவர்கள் செய்த ஓர் ஏற்பாடு கவனிக்கத்தக்கது. வீரன் போய்ச் சேரும் ஊர்களில் கதைசொல்லிகளை உட்கார வைத்தார்கள். அவர்களிடம் பேசினால் அந்த மண்ணின் தொன்மக் கதை ஒன்றைச் சொல்வார்கள். கேட்டே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கேட்காமல் போனால் ஆட்டம் நின்றுவிடாது. ஆனால் நின்று கேட்டவருக்கு, அடுத்த குகையில் வரப்போகும் அரக்கன் யார், அவனுக்கு ஏன் அந்தச் சாபம் என்பது தெரிந்திருக்கும்.

அதே வகையைச் சேர்ந்த ‘டையாப்லோ’ விளையாட்டில் காடும் குகையும் ஒவ்வொரு முறையும் கணினியால் மாற்றி அமைக்கப்படும். டைட்டன் குவெஸ்ட்டில் நிலம் மாறாது. ஒவ்வோர் ஊரும் கோயிலும் பாதையும் மனிதக் கையால் வரைந்து வைக்கப்பட்டவை. அதனால் விளையாடியவருக்கு வழி மனத்தில் பதிகிறது. எந்தப் பாலத்துக்கு அப்பால் எந்தக் கதை என்பது நினைவில் நிற்கிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. எந்த நிரையின் முனையில் முனியாண்டி நிற்கிறார், எந்த ஆற்றுப் பாலத்தை உச்சி வேளையில் தனியே கடக்கக் கூடாது, எந்த மரத்தடியில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று அங்கேயும் கதைகள் இடத்தோடு கட்டப்பட்டிருந்தன. பால்மரக் காட்டில் நடந்தாலே கதை தெரிந்துவிடும்.

கெட்ட பெயர் எப்படி வந்தது?

வந்த புதிதில் டைட்டன் குவெஸ்ட் அதற்குத் தகுந்த பெயரைப் பெறவில்லை. அயர்ன் லோர் மூடப்பட்ட பிறகு, டிஎச்க்யூ நிறுவனத்தின் மைக்கேல் ஃபிட்ச் 2008-இல் இணையத்தில் எழுதிய நீண்ட குறிப்பு அதற்கான காரணங்களில் ஒன்றை வெளிப்படுத்தியது.

விற்பனைக்கு வருவதற்கு முன்பே விளையாட்டின் திருட்டுப் பிரதி இணையத்தில் கசிந்துவிட்டது. பூட்டை உடைத்தவர்கள் எல்லாப் பூட்டையும் உடைக்கவில்லை. உள்ளே மறைந்திருந்த பாதுகாப்புச் சோதனை, குறிப்பிட்ட கட்டம் வந்ததும் திருட்டுப் பிரதியை எந்த அறிவிப்பும் இல்லாமல் நிறுத்திவிடும். அப்படி நின்றதைப் பார்த்தவர்கள், “இது பிழை நிறைந்த விளையாட்டு” என்று இணையம் முழுவதும் எழுதித் தள்ளினார்கள். காசு கொடுத்து வாங்க இருந்தவர்கள் அதைப் படித்துப் பின்வாங்கினார்கள் என்பது அவர் வாதம்.

மலேசிய வாசகர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். ஒளிவட்டுச் சட்டம் 2000-இலேயே இயற்றப்பட்டிருந்தாலும், இரவுச் சந்தையிலும் பேரங்காடிகளின் மாடிக் கடைகளிலும் விளையாட்டுகள் சில வெள்ளிக்குக் கிடைத்தன. அசல் பெட்டியையே பார்க்காமல் வளர்ந்த தலைமுறை அது. பின்னாளில் அவர்களில் பலர் அசல் பிரதிக்குப் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரு விளையாட்டைச் செய்ய எத்தனை பேர் எத்தனை ஆண்டுகள் உழைக்கிறார்கள் என்பது அப்போதுதான் பலருக்கும் புரிந்தது.

கடல்வழியை விட்டுச் சென்ற வரைபடம்

டைட்டன் குவெஸ்ட்டின் பயணத்தில் கிரேக்கம், எகிப்து, மெசபொத்தேமியா, சீனம் ஆகியவை இருக்கின்றன. பின்னர் சேர்ந்த பாகங்களில் பாதாளம், வட ஐரோப்பா, அட்லாண்டிஸ் வந்தன. இந்தியாவுக்கென்று ஓர் அங்கம் இல்லை. பாபிலோனிலிருந்து சீனாவுக்கு வீரன் தரைவழியே போய்விடுகிறான்.

கடல்வழியே போயிருந்தால் அவன் மலாக்கா நீரிணையைக் கடந்து சீனாவை அடைந்திருக்கலாம். அந்த வழியில் இந்தியக் கதைகள் கப்பலேறி வந்து இறங்கிய துறைமுகம் மலாக்கா.

நகரின் தங்க ஆசாரி தெருவில் 1781-இல் கட்டப்பட்ட ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. நாட்டில் வழிபாடு நடக்கும் மிகப் பழைய இந்துக் கோயில் என்று அது அறியப்படுகிறது. அதற்கு நிலம் பெற்றவர்கள் மலாக்காச் செட்டிச் சமூகத்தினர். காஜா பெராங் கம்போங் செட்டியில் வாழும் அச்சமூகத்தின் வீட்டு மொழி பல தலைமுறைகளுக்கு முன்பே மலாய் ஆகிவிட்டது. ஆனாலும் அங்கே மாரியம்மன் திருவிழா ‘டத்தோ சாச்சார்’ என்ற பெயரில் ஆண்டுதோறும் நடக்கிறது. ‘சாச்சார்’ என்பது அம்மை நோயைக் குறிக்கும் மலாய்ச் சொல். தமிழ் பேச்சிலிருந்து மறைந்த பிறகும் அம்மை தீர்க்கும் அம்மனின் கதை மறையவில்லை. ஆண்டுக்கொருமுறை அந்தச் சமூகம் அதைச் செய்து காட்டிக்கொண்டே இருப்பதால் அது நிலைத்திருக்கிறது.

தோட்டங்களின் வரலாறு பின்னர் வந்தது. டான் சே யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பிறகு புக்கிட் ஆசாஹானில் சுமார் 3,000 ஏக்கரில் பெரிய தோட்டம் எழுந்தது. மலாயாவில் ரப்பர் வணிகப் பயிரானது இந்த மண்ணில்தான். அந்த மரங்களைச் சீவ வந்த தமிழர்கள் ஊர்த்தெய்வங்களையும் கூடவே கொண்டுவந்தார்கள். எல்லையில் முனியாண்டி, லயத்தருகில் மாரியம்மன், காளியம்மன், காவலுக்கு மதுரை வீரன் என்று தோட்டங்கள் அமைந்தன. முனியிலும் ஜடாமுனி, வாள்முனி, செம்முனி என்று வகைகள் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனி ஆயுதம், தனிப் படையல், தனிக் கோபம்.

திருவிழாக் காலத்தில் கூத்தும் நாடகமும் நடந்தன. அரிச்சந்திரன், வள்ளி திருமணம், நல்லதங்காள் எல்லாம் தோட்டத்து மேடையில் ஏறின. தெருக்கூத்தில் கட்டியங்காரன் வருவான். கதைக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் நின்று, யார் வருகிறார், ஏன் வருகிறார் என்று சொல்லிச் சிரிக்கவும் வைப்பான். டைட்டன் குவெஸ்ட்டின் கதைசொல்லிகள் செய்யும் வேலையை அவன் நெடுங்காலமாகச் செய்து வந்திருக்கிறான்.

ஆசாஹானிலிருந்து பார்த்தால் குனோங் லேடாங் மலை தெரியும். மலாய் மக்களின் புகழ்பெற்ற லேடாங் இளவரசி கதை அந்த மலைக்குரியது. கொசுவின் இதயத்தைத் தாம்பாளம் தாம்பாளமாகக் கேட்ட அந்த இளவரசியின் நிபந்தனைகள், எந்த விளையாட்டும் கேட்கத் தயங்கும் சவால்கள். ஒரே நிலத்தில் இரு சமூகங்களின் கதைகள் அருகருகே இருப்பது மலாக்காவின் தனிச் செல்வம்.

இந்தியாவில் நடந்த முயற்சிகள்

நம் தொன்மக் கதைகளை விளையாட்டாக்கும் முயற்சி இந்தியாவில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. ஐதராபாத்தின் அரோனா நிறுவனம் உருவாக்கிய ‘ஹனுமான்: பாய் வாரியர்’ 2009-இல் பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு வந்தது. அந்தக் கருவிக்காக முழுக்க இந்தியாவிலேயே உருவான முதல் விளையாட்டு என்ற பெருமை அதற்கு உண்டு. தரத்தில் விமர்சகர்களின் பாராட்டு கிடைக்கவில்லை.

2014-இல் போபாலைச் சேர்ந்த பைரோடாக்டில் நிறுவனம் ‘அன்ரெஸ்ட்’ என்ற பாத்திரமேற்பு விளையாட்டை வெளியிட்டது. பஞ்சம் பிடித்த ஒரு பழங்கால நாட்டில், பெரும்பாலும் வாளைவிடப் பேச்சால் முடிவுகள் எடுக்கும் விளையாட்டு அது. 2017-இல் ஐதராபாத்தின் ஓகர் ஹெட் நிறுவனம் ‘அசுரா’வைக் கொண்டுவந்தது. டைட்டன் குவெஸ்ட் வகைக்கு மிக நெருக்கமானது இதுதான்.

2020 ஆகஸ்டில் வந்த ‘ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்’ உலகக் கவனத்தை ஈர்த்தது. புனேயின் நோடிங் ஹெட்ஸ் நிறுவனம் 2017-இல் பொதுமக்களிடம் நிதி திரட்ட முயன்றபோது இலக்கை எட்டவில்லை. நிறுவனர்களில் ஒருவர் தம் வீட்டை விற்றுப் பணி தொடர வழி செய்தார். அந்த ஆண்டின் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பரிந்துரையில் ‘ராஜி’ இடம்பெற்றது.

தொன்மத்தைத் தொடாத ஒரு தமிழ் எடுத்துக்காட்டும் இருக்கிறது. கனடாவின் டொரோண்டோ நகரிலிருந்து 2023-இல் வந்த ‘வெண்பா’, அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை. இட்லியும் புட்டும் செய்வதுதான் விளையாட்டு. 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அதற்குச் சிறந்த அறிமுக விளையாட்டு விருது கொடுத்தது. வீட்டுக்குள் நடக்கும் சின்னக் கதையும் உலகம் சுற்றும் என்பதற்கு அது சான்று.

சாமியை விரலால் ஆட்டலாமா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. ஹனுமான் விளையாட்டு வந்தபோது அமெரிக்காவின் நெவாடாவைச் சேர்ந்த இந்து சமயப் பேச்சாளர் ராஜன் செட் எதிர்ப்புத் தெரிவித்தார். வணங்கும் தெய்வத்தை ஒரு பொத்தானால் ஆட்டிவைப்பது தகாது என்பது அவர் கருத்து. 2012-இல் ‘ஸ்மைட்’ என்ற அமெரிக்க விளையாட்டில் காளி சித்திரிக்கப்பட்ட விதம் குறித்தும் எதிர்ப்பு கிளம்பியது.

கிரேக்கத் தெய்வங்களுக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. சியூஸுக்கு இன்று ஊர் ஊராகத் திருவிழா எடுப்பவர்கள் இல்லை. முனியாண்டிக்கு எடுக்கிறார்கள். இன்றும் பூசை வாங்கும் தெய்வத்தை விளையாட்டில் கொண்டுவர வேறொரு கவனம் வேண்டும்.

‘ராஜி’ கண்டுபிடித்த வழி எளிமையானது. விளையாடுபவர் ஏற்பது கடவுளை அல்ல. அரக்கர்கள் கடத்திச் சென்ற தம்பியைத் தேடிப் போகும் ஒரு சர்க்கஸ் சிறுமியை. துர்க்கையும் விஷ்ணுவும் அவளுடைய பயணத்தைப் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள், ஆயுதம் கொடுக்கிறார்கள், கோயில் சுவரோவியங்களுக்கு முன்னால் அவள் நிற்கும்போது பழங்கதையைச் சொல்கிறார்கள். கதையின் முக்கியக் கட்டங்கள் நிழற்பொம்மலாட்டப் பாணியில் வருகின்றன. தோற்பாவைக் கூத்தும் கிளந்தானின் வாயாங் கூலிட்டும் தெரிந்தவர்களுக்கு அது உடனே பிடிபடும்.

டைட்டன் குவெஸ்ட்டும் இதையே செய்தது. அதன் நாயகன் மனிதன். தெய்வங்கள் தூரத்தில் இருக்கிறார்கள். தோட்டத்துக் கதைகளின் அமைப்பும் இதுதான். பெரும்பாலும் அவற்றின் நாயகன் நள்ளிரவில் திரும்பி வரும் ஒரு பால்மரத் தொழிலாளி, காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் தாய், வேண்டுதலை மறந்த கங்காணி. முனியாண்டி வழியில் குறுக்கிடுவார், எச்சரிப்பார், காப்பார். அந்தக் கதைகளை விளையாட்டாக மாற்ற யாரும் சாமியைப் பொத்தானில் கட்ட வேண்டியதில்லை.

மலாக்காவில் தொடங்க என்ன வேண்டும்?

தொழில்நுட்பம் இப்போது பெரிய தடையில்லை. துரியான் துங்காலில் உள்ள மலேசிய மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணினி விளையாட்டுத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் வளாகமும் மாநிலத்திலேயே உள்ளது. மலேசிய டிஜிட்டல் பொருளாதாரக் கழகமான எம்டெக், உள்ளூர் விளையாட்டு உருவாக்குநர்களுக்கு உதவித் திட்டங்களை நடத்தி வருகிறது.

கற்றுக்கொள்ள விரும்பும் மாணவருக்கு இலவசக் கருவிகளும் உண்டு. ‘ட்வைன்’ என்ற கருவியில் நிரல் தெரியாமலே, வாசகர் முடிவெடுத்து நகரும் கதையை எழுதலாம். அது இணைய உலாவியில் இயங்குவதால் தமிழ் எழுத்துக்குத் தடையில்லை. ‘கோடோ’ என்ற முழுமையான விளையாட்டுக் கருவியும் இலவசம். 2023-இல் வந்த அதன் 4-ஆம் பதிப்பிலிருந்து தமிழ் எழுத்துகள் சிதையாமல் தெரியும். டைட்டன் குவெஸ்ட்டோடும் நிலம் வரையும் கருவி சேர்ந்தே வந்தது. அதை வைத்து ரசிகர்கள் தாங்களே புதிய பயணங்களை உருவாக்கினார்கள். அந்த ரசிகர்களின் உழைப்பும் விளையாட்டை உயிரோடு வைத்தது.

தட்டுப்பாடு கதையில்தான். கிரேக்கக் கதைகளைத் தேடிய அமெரிக்க நிறுவனத்துக்கு நூலகம் நிறையப் புத்தகங்கள் கிடைத்தன. தெபோங்கிலோ கெமுனிங்கிலோ ஒரு முனியாண்டி ஏன் அந்த மரத்தடியில் வந்து உட்கார்ந்தார் என்பதைத் தேடினால் அத்தகைய புத்தகங்கள் கிடைப்பது அரிது. ரப்பர் செம்பனையானது. தோட்டங்கள் கைமாறின, துண்டாயின. குடும்பங்கள் செங், பத்து பெரெண்டாம், ஆயர் குரோ என்று வேலை கிடைத்த இடத்துக்கு நகர்ந்தன. கதை தெரிந்தவர்கள் இப்போது பேரப்பிள்ளைகளின் அடுக்குமாடி வீடுகளில், கதை நடந்த இடத்திலிருந்து விலகி வாழ்கிறார்கள். சுற்றியிருந்த நிரையும் ஆறும் பாலமும் இல்லாமல் கதை அவர்களோடு மெல்லக் கரைகிறது.

பதிவு செய்ய ஒரு கைப்பேசி போதும். கேட்க வேண்டிய கேள்விகளும் அதிகமில்லை. தெய்வத்தின் பெயர் என்ன? தமிழ்நாட்டின் எந்த ஊரிலிருந்து பிடிமண் வந்தது? முதலில் யார் கல் நட்டார்? எந்த மரம்? எந்த ஆயுதம்? எதைச் செய்யக் கூடாது? செய்தவருக்கு என்ன நேர்ந்தது? கோயில் இடம் மாறியிருந்தால் எப்போது, ஏன்? சொல்பவரின் சொந்தப் பேச்சிலேயே, திருத்தாமல் பதிவது முக்கியம். சில கதைகள் வெளியே சொல்லக் கூடாதவை என்று பூசாரியோ குடும்பமோ நினைத்தால், அந்த வார்த்தையை மதித்து விட்டுவிட வேண்டும்.

தமிழ்ப்பள்ளி மாணவர்கள் இதை ஒரு வகுப்புப் பணியாகச் செய்யலாம். ஆளுக்கொரு கதை பதிந்தாலே ஒரு தோட்டத்தின் வரைபடம் உருவாகிவிடும்: இங்கே லயம், இங்கே பிரட்டுக் களம், இங்கே கள்ளுக்கடை, அதோ முனியாண்டி எல்லை. விளையாட்டை உருவாக்க வரும் இளைஞருக்கு முதலில் தேவைப்படுவது அந்த வரைபடம்தான். விளையாட்டு வராமலே போனாலும் கதை பத்திரமாக இருக்கும்.

நகருக்குப் போன குடும்பங்கள் பழைய தோட்டத்துக்குத் திரும்பி வருவது பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை, கோயில் திருவிழா நாளில். கதை தெரிந்த பாட்டியும் கைப்பேசி வைத்திருக்கும் பேரனும் ஒரே பந்தலின் கீழ் உட்காரும் நாள் அது. சாப்பாட்டுப் பந்தி முடிந்து சாமி புறப்படும்வரை எப்படியும் ஒரு மணி நேரமாவது காத்திருக்க நேரும். பதிவைத் தொடங்க அந்த ஒரு மணி நேரம் போதும்.